பூட்டியது யார்?

48 எண்கள். ஆறாறாக எட்டுத் தொகுதி. பிட்லாக்கரால் பூட்டப்பட்ட விண்டோஸ் வன்தட்டுக்குச் சந்தேகம் வந்துவிட்டால், நீலத் திரையில் நின்று அது கேட்பது இந்த மீட்புச் சாவியைத்தான். ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் மீதியில்லாமல் வகுபடும்படி அமைத்திருக்கிறார்கள். ஒரு எண்ணை மாற்றித் தட்டிவிட்டால் அந்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். 11ஆல் வகுத்த பிறகு ஒவ்வொரு தொகுதிக்கும் மிஞ்சுவது 65,536 வாய்ப்புகள். எட்டையும் பெருக்கினால் 34க்குப் பின்னால் 37 பூஜ்ஜியம் போட வேண்டிய அளவு. ஊகித்துத் திறக்கும் பேச்சுக்கே இடமில்லை. கணக்குத் தெரிந்தவனுக்கு இது நிம்மதி. சாவியைத் தொலைத்தவனுக்கு இதே கணக்குதான் சுவர்.

ஆனால் நான் கேட்க நினைப்பது கணக்கைப் பற்றி அல்ல. சாவி கிடைத்துவிடுகிறது, அல்லது சாவி இல்லாமலேயே திறக்க ஒரு வழி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பூட்டியவன் உயிரோடு இல்லை. அப்போது திறக்கலாமா? யார் சொல்லி, யாருக்காக?

முதலில் பூட்டைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஒரே கணினியில் ஒரு பக்கம் விண்டோஸ், ஒரு பக்கம் லினக்ஸ் என்று இரண்டு இயங்குதளம் வைத்துக்கொள்வது பொறியியல் மாணவர்களுக்கு ஒரு சடங்கு மாதிரி. நிபோங் திபால் வளாகத்து விடுதியில் எங்கள் மாடியில் பாதிப் பேர் செய்திருந்தார்கள். விண்டோஸ் கேமுக்கும் அசைன்மெண்டுக்கும், லினக்ஸ் கெத்துக்கு. அந்த நீலத் திரையை அடிக்கடி பார்ப்பவர்களும் இந்த இரட்டைக் குடித்தனக்காரர்கள்தான். காரணம் டிபிஎம் என்கிற ஒரு சில்லு. கணினி கண் விழிக்கும்போது ஒவ்வொரு படியும் அடுத்து வரும் படியை அளந்து அந்தச் சில்லிடம் ஒப்படைக்கும். புதிய அளவு பழையதோடு கலந்து ஒரே எண்ணாகிவிடும். கலந்ததைப் பிரிக்க முடியாது. கடைசியில் நிற்கும் எண், பூட்டிய நாளில் இருந்த எண்ணோடு பொருந்தினால் சில்லு சாவியைக் கொடுக்கும். இல்லாவிட்டால் 48 எண் கேட்கும். நடுவில் லினக்ஸின் துவக்கி புகுந்து அதன் வழியாக விண்டோஸைத் திறந்தால் எண் மாறிவிடும். கடவுச்சொல் தெரிந்த உரிமையாளன் கையில் கோப்பியோடு வெளியே நிற்பான். லேப்டாப்பை அப்படியே தூக்கிக்கொண்டு போன திருடனுக்கோ அதே சில்லு சாவியைக் கொடுத்து உள்நுழைவுத் திரைவரை கூட்டிப்போகும். அதற்கு ஆள் தெரியாது. விழித்தெழும் வரிசை மட்டும்தான் தெரியும்.

இதற்குத் தமிழில் ஒரு பழைய கதை உண்டு. தேவார ஏடுகள் சிதம்பரம் கோயிலில் ஓர் அறைக்குள் இருக்கின்றன. அறைக்கதவில் மூவரின் கை இலச்சினை. ஏடுகளைக் கேட்டுவந்த சோழ மன்னனிடம், பாடிய மூவரும் நேரில் வந்தால் திறக்கலாம் என்றார்கள் தில்லைவாழ் அந்தணர்கள். மூவரும் மறைந்து காலமாகிவிட்டது. மன்னன் அப்பர், சம்பந்தர், சுந்தரர் திருமேனிகளை எழுந்தருளச் செய்து கதவுக்கு முன் கொண்டுவந்து நிறுத்தினான். அறை திறந்தது. உள்ளே பெரும்பகுதியைக் கரையான் அரித்திருந்தது. திருமுறை கண்ட புராணம் சொல்லும் கதை இது; மன்னன் முதலாம் ராஜராஜன் என்பது பரவலான நம்பிக்கை. வரலாற்றாசிரியர்கள் இதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். என் போன்றவனுக்கு அதில் அப்பட்டமாகத் தெரிவது ஒரு பூட்டும் அதன் நிபந்தனையும். பூட்டு கேட்டது மூவரை, கிடைத்தது மூவரின் வடிவம், பூட்டு ஒப்புக்கொண்டது. மன்னன் செய்தது தந்திரம் என்று நாம் யாரும் சொல்வதில்லை. ஏன் சொல்வதில்லை என்பது யோசிக்க வேண்டிய விஷயம். பாடியவர்கள் அதை ஒளித்துவைக்கப் பாடவில்லை என்று நமக்குத் தெரியும். பூட்டு வேறு யாரோ போட்டது.

யார் போட்ட பூட்டு என்கிற இந்தக் கேள்வி இன்றைக்கு இன்னும் குழம்பிக்கிடக்கிறது. விண்டோஸ் 8.1 காலத்திலிருந்தே, வசதியுள்ள கணினிகளில் குறியாக்கம் தானாகவே போட்டுக்கொள்ளும்; 2024இல் வந்த 24எச்2 பதிப்பு அந்த நிபந்தனைகளையும் தளர்த்தி, புதிதாக நிறுவப்படும் பெரும்பாலான கணினிகளுக்கு இதை விரித்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் சாவி அந்தக் கணக்கில் போய் உட்காரும். தன் வீடு பூட்டியிருப்பது தெரியாமலேயே அதில் குடியிருப்பவர்கள் எத்தனை பேர்! திருடன் வந்தால் நல்லதுதான். லேப்டாப் எல்ஆர்டியில் தொலைந்தால் நல்லதுதான். ஆனால் அந்தப் பூட்டைப் பார்த்துவிட்டு, இவன் எதையோ மறைக்க விரும்பியிருக்கிறான் என்று முடிவு கட்டினால் அது அநியாயம். அவன் கடையில் வாங்கி, 'அடுத்து, அடுத்து' என்று தட்டியிருப்பான். அவ்வளவுதான்.

ஆயர் ஈத்தாமில் எங்கள் பிளாட்டுக்கு இரண்டு பிளாக் தள்ளி இருக்கும் ஓர் அக்கா போன வருஷம் ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்தார். தம்பியுடையது. மோட்டார் விபத்தில் போய்விட்ட பையன். கைபேசியும் அந்த விபத்திலேயே நொறுங்கிவிட்டது. பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை பார்க்கிற நான் கணினிக்கு வைத்தியமும் பார்ப்பேன் என்பது பாசார் பக்கம் கொஞ்சம் பரவிவிட்ட செய்தி. இன்சூரன்ஸ் தாள்கள், மோட்டார் கடன் கணக்கு எல்லாம் அந்த லேப்டாப்பில்தான் இருக்க வேண்டும். யாரோ கைவைத்து பயாஸ் அமைப்புகளை மாற்றியிருந்தார்கள். நீலத் திரை வந்துவிட்டது. பையனின் மின்னஞ்சல் கணக்குக்குள் போக வழியில்லை. மீட்புக் குறியீடு வரவேண்டிய கைபேசி எண்ணே இல்லை.

கூட அம்மாவும் வந்திருந்தார். அவருக்கு இன்சூரன்ஸ் எல்லாம் காதில் விழவில்லை. "அவன் பேசுற மாதிரி ஏதாச்சும் இருக்கான்னு பாருய்யா" என்றார்.

முதல் பூட்டு சுலபமாகப் போனது. செக்யூர் பூட்டைத் திரும்பப் போட்டு, லினக்ஸ் துவக்கியைத் தொடாமல், விண்டோஸை நேராக எழுப்பினேன். அளவுகள் பழைய எண்ணுக்கு வந்து பொருந்தின. சில்லு சாவியைக் கொடுத்துவிட்டது. மூவரின் திருமேனியைக் கொண்டுவந்து நிறுத்திய மாதிரிதான். உள்நுழைவு எண் அக்காவுக்கே தெரியும். அந்த லேப்டாப்பில்தான் அவர் ஃபாரம் அச்செடுப்பாராம். தம்பியே சொல்லிக்கொடுத்த எண். எனக்கு இதில் எந்த உறுத்தலும் இல்லை. பூட்டு தொழிற்சாலை போட்டது, நுழைவு எண் அவன் கொடுத்தது. கடன் கடிதம், சம்பளச் சீட்டு, பாதி எழுதிய வேலை விண்ணப்பம், நண்பர்களோடு லங்காவி போன படங்கள் எல்லாம் கிடைத்தன. குரல் இல்லை.

மிச்சமிருந்தது லினக்ஸ் பக்கம். ஏறக்குறைய 120 ஜிபி. எழுப்பினால் கறுப்புத் திரையில் ஒற்றை வரியில் கடவுத்தொடர் கேட்கிறது. இது லக்ஸ் எனப்படும் குறியாக்கம். 2004இல் கிளெமென்ஸ் ஃப்ருவிர்த் உருவாக்கியது. இங்கே சில்லு நடுவில் வருவதில்லை. நிறுவும்போது 'குறியாக்கம் வேண்டுமா' என்கிற கட்டத்தில் ஒருவன் தானே டிக் போட்டு, தானே ஒரு தொடரை யோசித்து, இரண்டு முறை தட்டியிருக்க வேண்டும். ஒரே தட்டு. அடுத்தடுத்த அறைகள். இரண்டு பூட்டும் கணித பலத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் முதல் பூட்டு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது பூட்டு ஒரு வாக்கியம். சொன்னவன் இல்லை என்பதால் அந்த வாக்கியம் அழிந்துவிடுமா?

சட்டம் இந்த இடத்தில் பெரிதாக உதவாது. மலேசியாவின் 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டம் அனுமதியில்லாமல் நுழைபவனுக்கு 50,000 வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை என்கிறது; அனுமதி கொடுக்க வேண்டியவனே இறந்துவிட்டால் என்ன செய்வது என்று வீட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அது வழிகாட்டவில்லை. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளுக்கானது. காவல்துறை சோதனையிட வந்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 116பி பிரிவில் கடவுச்சொல்லையே கேட்டு வாங்கலாம். அரசுக்கு வழி தெளிவாக இருக்கிறது. அம்மாவுக்குத்தான் இல்லை.

ஜெர்மனியில் ஒரு வழக்கு இந்தக் கேள்வியை நேராகவே சந்தித்தது. 2012இல் பெர்லின் சுரங்க ரயிலில் அடிபட்டு 15 வயதுப் பெண் ஒருத்தி இறந்தாள். விபத்தா தற்கொலையா என்று தெரியாமல் தவித்த பெற்றோர் அவளுடைய ஃபேஸ்புக் கணக்கைப் பார்க்க விரும்பினார்கள். கடவுச்சொல் அவர்களிடம் இருந்தது. ஆனால் கணக்கு நினைவுப் பக்கமாக மாற்றப்பட்டு மூடப்பட்டிருந்தது. கீழ் நீதிமன்றம் பெற்றோர் பக்கம், மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் என்று இழுபட்டு, 2018 ஜூலை 12 அன்று கூட்டாட்சி நீதிமன்றம் பெற்றோருக்கே உரிமை என்றது. கடிதமும் நாட்குறிப்பும் வாரிசுகளுக்குப் போகின்றன, கணக்கு மட்டும் ஏன் போகக் கூடாது என்பது வாதத்தின் சாரம். அதற்குப் பிறகு நடந்தது எனக்கு இன்னும் பிடித்த பகுதி. நிறுவனம் 14,000 பக்கங்களுக்கு மேற்பட்ட ஒரு பிடிஎஃப் கோப்பை யூஎஸ்பியில் போட்டு அனுப்பியது. 2020இல் அதே நீதிமன்றம் இது போதாது, கணக்குக்குள்ளேயே போக வழி கொடுக்க வேண்டும் என்றது. ஒருவரின் அறைக்குள் நிற்பதும், அறையிலிருந்த பொருள்களின் மூட்டை நம் கைக்கு வருவதும் ஒன்றல்ல என்று நீதிபதிகளுக்குத் தெரிந்திருக்கிறது.

கடிதத்தோடு ஒப்பிட்டதில்தான் எனக்குச் சின்னச் சந்தேகம். காகிதம் வீட்டுக்கு வருகிறது. யார் கையிலும் கிடைக்கும் என்று எழுதியவருக்குத் தெரியும். ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் தொடங்கி 1761வரை எழுதிய நாட்குறிப்பைப் பாருங்கள். புதுச்சேரியில் டூப்ளேக்கு துபாஷாக இருந்தவர், ஊர் வம்பு, வியாபாரக் கணக்கு, துரைமார் சண்டை, தனக்குப் பிடிக்காத ஆட்கள் என எதையும் விடவில்லை. 1846இல் காலுவா மோம்ப்ரோன் அந்த ஏடுகளைக் கண்டெடுத்தார். பிள்ளையிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் துரையைப் பற்றி எழுதிய பாதிப் பக்கத்தையாவது கிழித்திருப்பார் என்று நினைக்கிறேன். துபாஷ் கையில் பிட்லாக்கர் இருந்திருந்தால் பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ் வாழ்க்கை பற்றி நமக்குத் தெரிந்ததில் எவ்வளவு போயிருக்கும்! ஆகவே இறந்தவரின் ரகசியம் புனிதமானது என்று மொத்தமாகச் சொல்லிவிட்டு நான் நகர முடியாது. நான் விரும்பிப் படித்த பல பக்கங்கள் யாரோ ஒருவருடைய பெட்டியிலிருந்து கேட்காமல் எடுத்தவைதான். ஆனால் அந்த நாட்குறிப்பில் பெயர் அடிபட்ட யாரும் 1846இல் உயிரோடு இல்லை. வாசகனுக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காவலுக்கு நின்றது. அக்காவின் தம்பி விஷயத்தில் அந்த இடைவெளி நாலு மாதம்.

இறந்தவனுக்கு வலிக்காது என்கிறவர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். எனக்கு உறுத்துவது அந்த 120 ஜிபிக்குள் இருக்கக்கூடிய இன்னொரு ஆள். ஒரு காதலோ, ஒரு சண்டையோ, நண்பன் யாருக்கும் சொல்லாமல் இவனிடம் மட்டும் சொன்ன ஒரு நோயோ இருக்கலாம். அந்த ஆள் உயிரோடு இருக்கிறார். நாளைக்கே ஆயர் ஈத்தாம் பாசாரில் இந்த அம்மா அவரை எதிரே பார்ப்பார். அந்த ஆள் நம்பியது இந்தப் பையனை. அவனுடைய குடும்பத்தை அல்ல.

இவ்வளவும் தத்துவமாக இருந்திருந்தால் பரவாயில்லை. ஊகித்துத் திறக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் மனிதன் யோசித்துப் போடும் தொடர், சில்லு உருவாக்கும் எண் மாதிரி இல்லை. அக்கா ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். "அவனுக்கு என்னென்ன புடிக்கும்னு எனக்குத்தான் தெரியும் தம்பி. எழுதிக் கொண்டாந்துட்டேன். போட்டுப் பாருங்க." செத்துப்போன நாயின் பேர். முதல் மோட்டாரின் எண். பினாங்குக் குழுவில் அவனுக்குப் பிடித்த ஆட்டக்காரர். பாட்டி அவனைக் கூப்பிடும் செல்லப்பேர். முப்பது வார்த்தைக்கு மேல் இருக்கும்.

எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் அகராதித் தாக்குதல். முப்பது வார்த்தையை எடுத்து, முதலெழுத்தைப் பெரிதாக்கி, பின்னால் ஆண்டு சேர்த்து, இரண்டிரண்டாக ஒட்டிப் பார்க்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். லட்சக்கணக்கில் தொடர்கள் வரும். லக்ஸின் புதிய பதிப்பு ஆர்கான்2 என்கிற முறையால் ஒவ்வொரு முயற்சியையும் வேண்டுமென்றே தாமதப்படுத்தும். அந்த லேப்டாப்பிலேயே ஓடவிட்டால் ஒன்றுக்குச் சுமார் 2 விநாடி. மணிக்கு 1,800. நாளைக்கு 43,200. தட்டைப் படியெடுத்து வேறு இயந்திரங்களில் பிரித்துக் கொடுத்தால் இன்னும் வேகம். ஒரு வாரத்தில் திறந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

நான் ஸ்கிரிப்ட் எழுத மாட்டேன் என்றேன். லேப்டாப்பை அந்தக் கறுப்புத் திரையில் நிறுத்திக் கொடுக்கிறேன், நீங்களே உட்கார்ந்து தட்டிப் பாருங்கள் அக்கா என்றேன்.

வேலையிடத்தில் ஒரு நண்பனிடம் இதைச் சொன்னபோது சிரித்தான். "கையால தட்டினா புண்ணியம், ஸ்கிரிப்ட் போட்டா பாவமா? என்னடா கணக்கு இது?" நியாயமான கேள்வி. முடிவு ஒன்றுதான் என்றால் வேகத்தில் என்ன ஒழுக்கம்? நான் யோசித்துப் பார்த்தவரை விஷயம் இதுதான்: அந்த 2 விநாடித் தாமதத்தை வைத்தவர்கள் தெரிந்தேதான் வைத்தார்கள். தொடர் தெரிந்தவனுக்கு 2 விநாடி ஒன்றுமில்லை, தெரியாதவனுக்கு அது மலை. கூட வாழ்ந்தவள் ஒரு வார்த்தையைத் தட்டி, காத்திருந்து, இல்லை என்று தெரிந்துகொண்டு, அடுத்ததைத் தட்டலாமா என்று தன்னையே ஒருமுறை கேட்டுக்கொள்ள அந்த இடைவெளியில் நேரமிருக்கிறது. ஸ்கிரிப்ட் அதைக் கேட்காது. நாயின் பேரும் பாட்டியின் செல்லப்பேரும் அவளுக்குத் தெரிந்தது அவனை வளர்த்ததால். அதை நான் வாங்கி உளியாக மாற்றுவது வேறு வேலை. மேலும், ஸ்கிரிப்ட் திறந்தால் முதலில் பார்ப்பது அந்நியனான நான். அக்கா திறந்தால் பார்ப்பது அக்கா.

அம்மாவின் பக்கம் நின்று பார்த்தால் இந்த வாதம் இளைத்துப் போய்விடுகிறது. அவருக்குத் தத்துவம் வேண்டாம், பத்து விநாடிக் குரல் போதும். அந்தக் குரல் உள்ளே இருக்கிறதா என்பதே தெரியாது என்று நான் சொல்லலாம். இருக்கலாம் என்பதும் உண்மைதானே. பிறகு ஒன்று தோன்றியது. குரல் அந்தத் தட்டில் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? அவன் அனுப்பிய குரல் செய்திகள் நண்பர்களின் கைபேசிகளில் இருக்கும். அவனே இன்னொருவருக்குக் கொடுத்த குரல். அதைக் கேட்க எந்தப் பூட்டும் இல்லை, கேட்டு வாங்கினால் போதும். அக்கா லங்காவி படத்திலிருந்த இரண்டு பேரைத் தேடிப்பிடித்தார். ஒருவனிடம் மூன்று செய்திகள் இருந்தன. ஒன்றில் பாதிக்கு மேல் கெட்ட வார்த்தை. அதைத்தான் அம்மா திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறாராம்.

அக்கா இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து தட்டினார். மூன்றாம் நாள் வந்து லேப்டாப்பை எடுத்துக்கொண்டார். "நாப்பது அம்பது போட்டேன் தம்பி. அதுக்கு மேல அவன் பின்னாடி நின்னு பாக்குற மாதிரி இருந்துச்சு." நோட்டில் எழுதியதெல்லாம் தீர்ந்துவிட்டதா, மிச்சமிருந்ததா என்று நான் கேட்கவில்லை.

இதற்கெல்லாம் உயிரோடு இருக்கும்போதே ஒரு ஏற்பாடு உண்டு என்பது நம்மில் பலர் கவனிக்காதது. லக்ஸில் ஒரே தட்டுக்குப் பல சாவித்துளைகள். பழைய பதிப்பில் 8, புதியதில் 32 வரை. ஒவ்வொன்றுக்கும் வேறு தொடர். யாராவது ஒருவரின் துளையை அழித்தாலும் மற்றவர்களின் சாவி அப்படியே வேலை செய்யும். ஒருவருக்கு ஒரு தொடரை உறையில் போட்டுக் கொடுத்துவைக்கலாம், மனஸ்தாபம் வந்தால் சத்தமில்லாமல் எடுத்தும் விடலாம். எங்களில் அநேகமாக எல்லோரும் ஒரே ஒரு துளையைத்தான் நிரப்பி வைத்திருக்கிறோம். இரண்டாவதை யாருக்குக் கொடுப்பீர்கள் என்று கோப்பிக்கடையில் ஐந்து பேரிடம் கேட்டேன். அம்மா என்று யாரும் சொல்லவில்லை. மனைவி என்று சொல்ல வந்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். ஒருத்தன் மட்டும் யோசித்து, "அண்ணனுக்குக் குடுப்பேன் லா, ஆனா அவரு என்னைவிட பன்னெண்டு வயசு மூத்தவரு" என்றான்.